மவுஸ், கீபோர்டு, சார்ஜர் வழியாகவும் வைரஸ் வருமா?

கேள்வி இதுதான்: "அண்ணா, கடைத்தெருவில் 450 ரூபாய்க்கு லைட் எரிகிற கேமிங் மவுஸ் ஒன்று வாங்கினேன், கேள்விப்படாத பிராண்டு. லேப்டாப்பில் செருகியதும் ஏதோ இன்ஸ்டால் ஆவது போல ஓர் அறிவிப்பு வந்து போனது. பெட்டிக்குள் ஒரு சீட்டு, லைட் கலர் மாற்ற இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து சாஃப்ட்வேரை இறக்கிக்கொள்ளவும் என்று. மவுஸுக்குள்ளேயே வைரஸ் இருக்கும் என்று ரூம்மேட் பயமுறுத்துகிறான். மவுஸில் எப்படி வைரஸ் இருக்க முடியும்? தூக்கிப் போட்டுவிடவா?"

தூக்கிப் போட வேண்டாம் தம்பி. ஆனால் உங்கள் ரூம்மேட் சொல்வதும் கட்டுக்கதை இல்லை. மவுஸ் வழியாகக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து காட்டியிருக்கிறார்கள், கீபோர்டு வழியாக, சார்ஜிங் கேபிள் வழியாக, பேட்டரி சார்ஜர் வழியாகக்கூட. எந்த வழியில் வருகிறது என்று புரிந்துகொண்டால் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது தெரிந்துவிடும். உங்கள் விஷயத்தில் நான் கவலைப்படுவது மவுஸைப் பார்த்து இல்லை, அந்தச் சீட்டைப் பார்த்து. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் யூஎஸ்பி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். ஒரு பொருளைச் செருகியதும் கம்ப்யூட்டர் அதனிடம் "நீ யார்" என்று கேட்கும். நான் மவுஸ், நான் கீபோர்டு, நான் பென்டிரைவ், நான் நெட்வொர்க் கார்டு என்று உள்ளே இருக்கும் சிப் பதில் சொல்லும். ஒரே பொருள் இரண்டு மூன்று பதில்களைச் சேர்த்தும் சொல்லலாம், அதற்கு அனுமதி உண்டு. கம்ப்யூட்டர் அந்தப் பதிலை அப்படியே நம்பி, அதற்குரிய டிரைவரை, அதாவது அந்தப் பொருளோடு பேச உதவும் குட்டி சாஃப்ட்வேரை, பெரும்பாலும் தன்னிடமிருந்தே எடுத்துப் போட்டுக்கொள்ளும். நீங்கள் பார்த்த அறிவிப்பு பெரும்பாலும் இதுதான், விண்டோஸில் ஏற்கெனவே இருக்கிற மவுஸ் டிரைவர். மவுஸிலிருந்து எந்த ஃபைலும் உங்கள் லேப்டாப்புக்குப் போகவில்லை.

கோளாறு அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது. கரண்ட் ஆபீஸிலிருந்து வருகிறேன் என்று ஒருவர் வாசலில் நின்றால் அடையாள அட்டையைக் கேட்போம். யூஎஸ்பி போர்ட் கேட்காது. பென்டிரைவ் வடிவத்தில் இருக்கும் ஒரு பொருள் "நான் கீபோர்டு" என்று சொன்னால் கீபோர்டு என்றே ஏற்றுக்கொள்ளும். கீபோர்டு என்று ஏற்றுக்கொண்ட பிறகு அது தட்டுவதெல்லாம் நீங்களே தட்டியது மாதிரிதான். கட்டளை அடிப்பதற்கென்று விண்டோஸில் இருக்கும் ரன் விண்டோவைத் திறக்கும், ஒரு கட்டளையை அடிக்கும், இன்டர்நெட்டிலிருந்து எதையோ இறக்கி ஓட்டும், சில விநாடிகளில் வேலை முடிந்துவிடும். பொருளுக்குள் கெட்ட ஃபைல் என்று எதுவுமே இருக்க வேண்டியதில்லை, ஆன்டிவைரஸ் ஸ்கேன் செய்து பிடிப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. அது இறக்கிய பொருளைப் பிடித்தால்தான் உண்டு.

இதை உலகத்துக்கு உறைக்கிற மாதிரி காட்டியவர்கள் பெர்லினைச் சேர்ந்த கார்ஸ்டன் நோல், யாகோப் லெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள். 2014 ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் நடந்த பிளாக் ஹாட் என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்பு மாநாட்டில் 'பேட்யூஎஸ்பி' என்று பெயர் வைத்துச் செய்து காட்டினார்கள். கடையில் விற்கிற சாதாரண பென்டிரைவை எடுத்து, அதன் கன்ட்ரோலர் சிப்பில் இருக்கும் ஃபர்ம்வேரை, அதாவது சிப்பை இயக்கும் உள் ப்ரோகிராமை, மாற்றி எழுதி, அதைக் கீபோர்டாக நடிக்க வைத்தார்கள், நெட்வொர்க் கார்டாகவும் நடிக்க வைத்தார்கள். தைவானின் ஃபிசான் நிறுவனத்து சிப் அது, எத்தனையோ பிராண்டு பென்டிரைவ்களுக்குள் இருப்பது. அவர்கள் தாங்கள் எழுதிய ப்ரோகிராமை வெளியிடவில்லை. ஆனால் அடுத்த மாதமே வேறு இரண்டு பேர் அதே சிப்பை அலசிப் பார்த்து, தாங்கள் எழுதிய ப்ரோகிராமை எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் போட்டுவிட்டார்கள். இப்படி மாற்றிய பென்டிரைவை ஃபார்மேட் செய்தாலும் பயன் இல்லை, ஏனென்றால் ஃபார்மேட் உங்கள் ஃபைல் இருக்கும் இடத்தைத்தான் அழிக்கும், சிப்பின் ஃபர்ம்வேர் இருக்கும் இடத்தைத் தொடவே தொடாது.

அப்படியென்றால் மவுஸ்? மவுஸ் கதை இதற்கும் மூன்று வருடம் முந்தியது. 2011-ல் அமெரிக்காவின் நெட்ராகார்ட் என்ற பாதுகாப்புச் சோதனை நிறுவனம், தங்களை வேலைக்கு அமர்த்திய ஒரு கம்பெனிக்குள் நுழைந்து காட்ட வேண்டியிருந்தது. போனில் பேசி ஏமாற்றக் கூடாது, நேரில் ஆளை அனுப்பக் கூடாது என்றெல்லாம் கட்டுப்பாடு. அவர்கள் ஒரு லாஜிடெக் மவுஸைப் பிரித்து, உள்ளே டீன்சி என்ற சின்ன சர்க்யூட் போர்டையும் ஒரு யூஎஸ்பி மெமரியையும் வைத்து மூடி, புதுப் பெட்டி போலவே பேக் செய்து, விளம்பரப் பரிசு என்று அங்கே வேலை பார்க்கும் ஒருவருக்கு அனுப்பினார்கள். அவர் அதைச் செருகினார். மவுஸ் மவுஸாகவே வேலை செய்தது, கூடவே உள்ளிருந்த போர்டு தன் வேலையைப் பார்த்தது. சோதனையில் ஜெயித்துவிட்டார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த மவுஸை ஒருவர் உட்கார்ந்து கையால் செய்தார், ஒரு குறிப்பிட்ட கம்பெனிக்காக. இன்றைக்கு 'ஓ.எம்.ஜி கேபிள்' என்று கிடைக்கிறது, பார்ப்பதற்கு அசல் போன் சார்ஜிங் கேபிள், பிளக்குக்குள் வைஃபையோடு ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். பாதுகாப்புச் சோதனைக்கு என்று விற்கிறார்கள். அதன் விலைக்கு உங்கள் 450 ரூபாய் மவுஸ் ஒரு கூடை வாங்கலாம். ஆக, பொருளுக்குள்ளேயே ஆளை ஒளித்து வைக்கிற தாக்குதலுக்குக் காசு செலவாகும், யாரை அடிக்கப் போகிறோம் என்ற குறியும் வேண்டும். முகம் தெரியாத ஆயிரம் பேருக்குக் கடைத்தெருவில் விற்கிற மவுஸில் அதைச் செய்ய யாருக்கும் பெரிய லாபம் இல்லை. அதோடு மலிவு மவுஸ்களில் இருக்கும் சிப் பெரும்பாலும் ஃபேக்டரியில் ஒரு தடவை எழுதியதோடு சரி, அப்புறம் மாற்றி எழுதவே முடியாத வகை. உங்கள் லேப்டாப்பிலிருந்து ஏதாவது வைரஸ் அதற்குள் ஏறி உட்காரும் என்ற பயமும் வேண்டாம்.

அதற்காக, குறிவைத்து அடிப்பதெல்லாம் சினிமாவில்தான் நடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஃபின்7 என்ற கும்பல் நிஜமாகவே தபாலில் யூஎஸ்பி அனுப்பியது. 2020-ல் அமெரிக்காவில் பெஸ்ட் பை கடையின் பெயரில் ஒரு கடிதம், 50 டாலர் கிஃப்ட் கார்டு, கூடவே ஒரு யூஎஸ்பி, இந்தக் கார்டில் என்னென்ன வாங்கலாம் என்ற பட்டியல் இதில் இருக்கிறது என்று. சில பார்சல்களில் கரடி பொம்மைகூட வைத்து அனுப்பினார்கள். 2022 ஜனவரியில் எஃப்பிஐ மறுபடியும் எச்சரித்தது: இந்த முறை ஒரு வகைப் பார்சல் அமெரிக்க சுகாதாரத் துறையின் கோவிட் வழிகாட்டுதல் என்ற பெயரில், இன்னொரு வகை அமேசான் பரிசுப் பெட்டி போல நன்றிக் கடிதத்தோடு. போனது போக்குவரத்து, இன்சூரன்ஸ், ராணுவத் தளவாடக் கம்பெனிகளுக்கு. உள்ளே இருந்தது பென்டிரைவ் வடிவத்தில் ஒரு கீபோர்டு. நீங்கள் நாளைக்கு வேலைக்குப் போய், யாரென்று தெரியாத இடத்திலிருந்து ஆபீஸ் முகவரிக்கு ஒரு அழகான யூஎஸ்பி ஃபேன் இலவசமாக வந்தால், அதை ஐடி பிரிவில் கொடுத்துவிடுங்கள். காசு கொடுத்து நீங்களே கடையில் எடுத்த பொருளுக்கும், கேட்காமல் உங்களைத் தேடி வந்த பொருளுக்கும் நடுவே மலையளவு வித்தியாசம் இருக்கிறது.

வழியில் கிடந்ததை எடுத்துச் செருகுவதும் அதே மாதிரிதான். இல்லினாய்ஸ் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வாளர்கள் 297 பென்டிரைவ்களை அங்கங்கே போட்டுவிட்டுப் பார்த்தார்கள், 2016-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. போட்டதில் 45 சதவீதத்துக்குக் குறையாமல் யாரோ செருகி உள்ளே இருந்த ஃபைலைத் திறந்திருந்தார்கள். முதல் பென்டிரைவ் செருகப்பட்டது ஆறு நிமிடத்துக்குள். திறந்தவர்களில் பலர் உரியவரிடம் திருப்பிக் கொடுக்கலாம் என்ற நல்ல எண்ணத்தில்தான் செருகினார்கள்.

சரி, அது சிப் பொய் சொல்கிற வழி. இரண்டாவது வழி பழையது, நம் ஊரில் எல்லாரும் அனுபவித்தது: பொருளுக்குள் மெமரி இருந்து, அந்த மெமரியில் கெட்ட ஃபைல் இருப்பது. நான் கல்லூரி ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை பிரிண்ட் எடுக்க ஒரு ஜெராக்ஸ் கடையில் பென்டிரைவைக் கொடுத்து வாங்கி வந்து வீட்டில் செருகினேன், என் ஃபோல்டர் ஒன்றையும் காணவில்லை, எல்லாப் பெயரிலும் ஒவ்வொரு ஷார்ட்கட் நின்றது. ஃபோல்டரை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட் வைக்கும், நாம் ரிப்போர்ட் என்று நினைத்து அழுத்தினால் வைரஸ் ஓடும். அன்றைக்கு நான் அழுத்திவிட்டேன். அப்பாவின் கணக்கு வழக்கு இருந்த கம்ப்யூட்டர், அதைச் சுத்தம் செய்ய இரண்டு நாள் ஆனது. அதிலிருந்து பிரிண்டுக்கு மெயிலில் அனுப்புகிறேன், இல்லையென்றால் பிடிஎஃப் மட்டும் போட்ட ஒரு தனி பென்டிரைவ்.

இந்த வகையில் பெரிய கம்பெனிகளே வழுக்கி விழுந்திருக்கின்றன. 2006 அக்டோபரில், தங்கள் வீடியோ ஐபாடுகளில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவை ராவ்மோன் என்ற விண்டோஸ் வைரஸோடு கடைக்குப் போய்விட்டதாக ஆப்பிளே அறிவித்தது. 2008-ல் அமெரிக்கக் கடைகளில் விற்ற சில டிஜிட்டல் போட்டோ ஃப்ரேம்களில் வைரஸ் இருந்தது. 2010-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு பாதுகாப்பு மாநாட்டில் ஐபிஎம் கொடுத்த இலவச பென்டிரைவில் இருந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஃபேக்டரியில் பொருளைச் சோதிக்கிற கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்தால், அதில் வரிசையாகச் செருகப்படுகிற ஒவ்வொன்றிலும் அது ஏறிக்கொள்ளும். அப்போதெல்லாம் பென்டிரைவைச் செருகினாலே அதில் இருப்பது தானாக ஓடும்படி ஆட்டோரன் என்று விண்டோஸில் ஒரு வசதி இருந்தது. விண்டோஸ் 7-லிருந்து பென்டிரைவுக்கு அதை நிறுத்திவிட்டார்கள், 2011-ல் எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் அப்டேட் கொடுத்து நிறுத்தினார்கள். அதோடு இந்த வழி நிறையச் சுருங்கியது, ஆனால் அடைபடவில்லை. ராஸ்பெரி ராபின் என்ற புழு, அதாவது தானாகப் பரவும் வைரஸ், 2021-ல் கண்டுபிடிக்கப்பட்டது, அதே பழைய ஷார்ட்கட் தந்திரம்தான். உங்கள் மவுஸில் இப்படி மெமரி இருந்தால் 'திஸ் பிசி'யில் புதிதாக ஒரு டிரைவ் தெரியும். 'திஸ் பிசி'யைத் திறந்து பாருங்கள். அப்படி எந்த டிரைவும் தெரியவில்லை என்றால் இந்தக் கவலையையும் விட்டுவிடலாம்.

புது டிரைவ் தெரிந்தாலுமே உடனே அலற வேண்டாம் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2025 ஜனவரியில் ஒரு மலிவான சீன யூஎஸ்பி நெட்வொர்க் அடாப்டரில் மால்வேர், அதாவது கெடுதல் செய்கிற சாஃப்ட்வேர், இருக்கிறது என்று ஒரு செய்தி தீயாய்ப் பரவியது. செருகினால் சிடி டிரைவ் போலத் தெரிகிறது, உள்ளே அழுத்தினால் ஓடுகிற ஒரு இஎக்ஸ்இ ஃபைல், அதைத் தானியங்கிச் சோதனைத் தளத்தில் போட்டால் சந்தேகத்துக்குரியது என்று சிவப்பாகக் காட்டுகிறது. பார்க்கிறவர்களுக்குப் பயம் வராமல் இருக்குமா? மிஹாவ் ஸலேவ்ஸ்கி என்ற அனுபவமுள்ள பாதுகாப்பு வல்லுநர் அதை விசாரித்து எழுதினார். உள்ளே இருந்தது எஸ்ஆர்9900 என்ற சிப், ரியல்டெக்கின் பிரபலமான ஒரு சிப்புக்கு மலிவான நகல். பக்கத்தில் ஒரு குட்டி மெமரி, அதில் விண்டோஸ் டிரைவர், அவ்வளவுதான். நம் ஊரில் 3ஜி டாங்கிள் பயன்படுத்தியவர்களுக்கு இது புதிதே இல்லை, செருகியதும் சிடி டிரைவ் மாதிரி வந்து, அதிலிருந்து கனெக்ஷன் சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்துகொள்வோமே, அதே ஏற்பாடு. இந்தச் சம்பவத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் விலை குறைவு, சீனாவில் செய்தது, பெயர் தெரியாதது என்ற மூன்றையும் வைத்தே ஒரு பொருளைக் குற்றவாளி ஆக்கிவிடுகிறோம், பெரிய பிராண்டு என்றால் கண்ணை மூடிக்கொள்கிறோம். இரண்டுமே தவறு.

பெரிய பிராண்டு என்றதும் வயர்லெஸ் மவுஸைச் சொல்ல வேண்டும். 2016 பிப்ரவரியில் பாஸ்டில் என்ற நிறுவனம் 'மவுஸ்ஜாக்' என்ற ஓட்டையை வெளியிட்டது. லாஜிடெக், மைக்ரோசாஃப்ட், டெல், ஹெச்பி, லெனோவா எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. வயர்லெஸ் கீபோர்டு, கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் தன் டாங்கிளுக்கு அனுப்பும் சிக்னலைப் பெரும்பாலும் பூட்டி, அதாவது பிறர் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்பும், மவுஸ் சிக்னலைப் பூட்டாமல் அனுப்பும், மவுஸ் அசைவில் என்ன ரகசியம் இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். ஆனால் மவுஸ் பேசுவது போலப் பேசி, பூட்டாத கீபோர்டு எழுத்துகளை அனுப்பினாலும் பல டாங்கிள்கள் வாங்கிக்கொண்டன. 100 மீட்டர் தூரத்திலிருந்து, 15 டாலர் கருவியை வைத்து, உங்கள் கம்ப்யூட்டரில் ஒருவர் டைப் செய்ய முடியும் என்று காட்டினார்கள். இங்கே மவுஸுக்குள் வைரஸ் இல்லை, மவுஸே கதவாகிவிட்டது. லாஜிடெக் போன்றவர்கள் ஃபர்ம்வேர் அப்டேட் கொடுத்தார்கள். அப்டேட்டே வாங்க முடியாத டாங்கிள்கள் நிறைய, அவை இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. பழைய வயர்லெஸ் செட் வைத்திருப்பவர்கள் அப்டேட் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். உங்களுடையது வயர் மவுஸ் என்றால் இது உங்களுக்கு இல்லை.

பொது இடங்களில் இருக்கும் யூஎஸ்பி போர்ட்டில் போனை சார்ஜ் போட்டால் வைரஸ் வருமா என்றும் கேட்பார்கள். ரிசர்வ் வங்கி 2022-ல் வெளியிட்ட எச்சரிக்கைக் கையேட்டில்கூட அது இருக்கிறது. பிளக்கில் செருகுகிற சொந்த சார்ஜரோ பவர் பேங்கோ இருந்தால் அந்தப் பேச்சே இல்லை.

இப்போது அந்தச் சீட்டுக்கு வருகிறேன். மூன்றாவது வழி, என் பார்வையில் உங்களைப் போன்ற சாதாரண ஆட்களுக்கு உண்மையில் ஆபத்தானது: பொருள் சுத்தமாக இருக்கும், அதற்கென்று இறக்கச் சொல்கிற சாஃப்ட்வேரில் மால்வேர் இருக்கும்.

எனர்ஜைசர் கம்பெனியின் டியோ என்ற யூஎஸ்பி பேட்டரி சார்ஜரை எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று திரையில் காட்ட ஒரு விண்டோஸ் சாஃப்ட்வேரைத் தங்கள் தளத்தில் கொடுத்தார்கள். அதை இன்ஸ்டால் செய்தால் கூடவே ஒரு டிஎல்எல் ஃபைல் போய் உட்கார்ந்து, 7777 என்ற எண்ணுள்ள நெட்வொர்க் வாசலில் வெளியாள் கட்டளைக்காகக் காத்திருந்தது. ஃபைலை எடுக்கலாம், அனுப்பலாம், ஓட்டலாம். 2010 மார்ச்சில்தான் அது வெளியே தெரிந்தது. சார்ஜர் 2007-லிருந்து விற்பனையில் இருந்தது.

பழைய கதை என்று விட முடியாது. 2025-ல் ப்ரோகலர்ட் என்ற பிரிண்டர் கம்பெனி. ஆறாயிரம் டாலர் பிரிண்டரை விமர்சனம் எழுத வாங்கிய ஒருவர், கூட வந்த பென்டிரைவைச் செருகியதும் ஆன்டிவைரஸ் கத்தியது. கம்பெனி அது தவறான எச்சரிக்கை என்று சொல்லிவிட்டது. அவர் விடவில்லை. ஜெர்மனியின் ஜி டேட்டா நிறுவனத்து ஆய்வாளர் கம்பெனியின் டவுன்லோட் பக்கத்தில் இருந்ததையெல்லாம் எடுத்துப் பார்த்தார், 39 ஃபைல்களில் மால்வேர். ஒன்று எக்ஸ்ரெட் என்ற பின்கதவு, வெளியாள் ரகசியமாக உள்ளே வர வழிவிடுகிற மால்வேர். இன்னொன்று, நீங்கள் பிட்காயின் முகவரியைக் காப்பி செய்தால் அதை எடுத்துவிட்டுத் திருடனின் முகவரியை வைக்கிற வைரஸ். பிறகு கம்பெனி ஒத்துக்கொண்டது, சாஃப்ட்வேரைப் பென்டிரைவில் எடுத்துப்போய் ஏற்றினோம், அதன் வழியாக வந்திருக்கலாம் என்று. என் ஜெராக்ஸ் கடை கதைதான் இதுவும், நடந்த இடம்தான் கம்பெனி. அதே வருடம் ஜூலையில் என்ட்கேம் கியர் என்ற கேமிங் மவுஸ் கம்பெனியின் சொந்தத் தளத்தில், ஒரு மவுஸுக்கான செட்டிங்ஸ் சாஃப்ட்வேரில் அதே எக்ஸ்ரெட் இருந்தது தெரிய வந்தது. மவுஸில் ஒன்றும் இல்லை.

மால்வேரே இல்லாத நல்ல சாஃப்ட்வேரும் ஓட்டை ஆகலாம். 2021 ஆகஸ்டில், ரேசர் மவுஸைச் செருகினால் விண்டோஸ் தானாகவே அந்தக் கம்பெனியின் இன்ஸ்டாலரைக் கொண்டுவந்து உச்ச அதிகாரத்தில் ஓட்டும், அந்தத் திரையிலிருந்தே அதே அதிகாரத்தோடு ஒரு கட்டளை விண்டோவைத் திறந்துவிடலாம் என்று ஒருவர் கண்டுபிடித்தார். அட்மின் பாஸ்வேர்டு தெரியாதவர்கூட கையில் ஒரு மவுஸ் இருந்தால் அந்தக் கம்ப்யூட்டருக்கு முதலாளி ஆகிவிடலாம். பிறகு சரிசெய்தார்கள்.

இத்தனை வருடம் நிலைத்து நின்ற, வெளியில் பெயர் உள்ள கம்பெனிகளுக்கே இந்த நிலை. உங்கள் சீட்டில் இருக்கும் க்யூஆர் கோடு எந்தத் தளத்துக்குப் போகிறது, யார் நடத்துகிறார்கள், அந்த ஃபைலை யார் எப்போது மாற்றினார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளே கிடையாது. அதை இன்ஸ்டால் செய்யும்போது 'எஸ்' என்று ஒரு தடவை அழுத்துவீர்கள், மவுஸால் பெற முடியாத முழு அனுமதியை நீங்களே கொடுத்துவிடுவீர்கள். வெறும் லைட் கலருக்காக அதைச் செய்யாதீர்கள். பல மவுஸ்களில் கலர் மாற்ற அடியிலோ மேலேயோ ஒரு பட்டன் இருக்கும், அதை முதலில் தேடுங்கள்.

மவுஸைப் பற்றி மனசு கேட்கவில்லை என்றால் விண்டோஸில் செருகிய பொருள்களையெல்லாம் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு மவுஸை ஒரு தடவை கழற்றிச் செருகிப் பாருங்கள். மவுஸ் என்ற வரியோடு ஒரு கீபோர்டும் சேர்ந்து வந்தால் பதற வேண்டாம், கூடுதல் பட்டன் உள்ள கேமிங் மவுஸ்கள் அந்தப் பட்டன்களுக்காகக் கீபோர்டு என்றும் சொல்லிக்கொள்ளும். நெட்வொர்க் கார்டோ டிஸ்க்கோ சேர்ந்து வந்தால், செருகியதும் ஒரு கறுப்பு விண்டோ மின்னி மறைந்தால், தானாக எதுவும் டைப் ஆனால், அப்போது கழற்றிவிட்டு எனக்கு எழுதுங்கள். அன்றாட வேலைக்கு அட்மின் இல்லாத ஒரு கணக்கை வைத்துக்கொள்வதும், எழுந்து போகும்போது திரையைப் பூட்டுவதும் நல்லது, கீபோர்டாக நடிக்கிற பொருள் பூட்டிய திரையில் பாஸ்வேர்டு தெரியாமல் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

சாஃப்ட்வேரை ஏற்கெனவே இன்ஸ்டால் செய்துவிட்டுத்தான் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள் என்றால், வெட்கப்படாமல் சொல்லுங்கள், நிறையப் பேர் அப்படித்தான் கேட்பார்கள். முதலில் வைஃபையை அணையுங்கள், சாஃப்ட்வேரை நீக்குங்கள், விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆஃப்லைன் ஸ்கேன் என்று இருக்கும், அதை ஓட்டுங்கள், கம்ப்யூட்டர் ஒரு தடவை அணைந்து எழுந்து சோதிக்கும். மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை அந்த லேப்டாப்பில் மாற்றாதீர்கள், போனிலிருந்து மாற்றுங்கள். ஸ்கேனில் ஏதாவது பெயர் வந்தால் அந்தப் பெயரை அப்படியே எனக்கு அனுப்புங்கள், விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டுமா இல்லையா என்று பார்த்துச் சொல்கிறேன்.